இடப்பக்கச் சில்லு ஏன் சுட்டது?

வேலணையில் மனைவி வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஞாயிறு பின்னேரம். பண்ணைப் பாலம் தாண்டும்போதே எங்கள் அல்டோ கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. கோண்டாவிலில் முற்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் கருகல் மணம். முன் இடச்சில்லின் நடுவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று ஆவியாகிப் போனது. மற்ற மூன்றிலும் தண்ணீர் வடிந்தது.

நாலு மாதத்துக்கு முன் இதே இழுவைக்கு ஒரு கராஜில் முன்சில்லு இரண்டுக்கும் புதுப் பிறேக் பாட் (சில்லோடு சுற்றும் தட்டை இரு பக்கமும் அமர்த்திப் பிடிக்கும் கட்டைகள்) போட்டுத் தந்தார்கள். அடுத்தநாள் காலையில் கழற்றிப் பார்த்தேன். வலப்பக்கப் பாட் புதிது போலவே இருந்தது. இடப்பக்கம் பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது, அதுவும் உள்பாட், வெளிப்பாட் இரண்டும் ஒரே அளவில். பாட்களை அமர்த்தும் கவ்வியான காலிபர் வழுக்கி ஓடும் 'பின்' என்ற கம்பி இறுகியிருந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் கூடத் தேயும். கையால் அசைத்துப் பார்த்தேன், அந்தக் கம்பி நன்றாகத்தான் ஓடியது. சில்லும் இலேசாகச் சுற்றியது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பக்கத்து வீட்டு ஐயா ஒரு காலத்தில் ஒஸ்டின் ஏ40 கார் ஹயருக்கு ஓடினவர். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயிலேயே ஊர் முழுக்க ஓடிய கார்கள் அவை. வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஆறின சில்லு பொய் சொல்லும். பிள்ளையை ஏறிப் பிறேக்கை அமத்தச் சொல்லு. பிறகு சுத்திப் பார்."

பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, காரைத் தூக்கிய ஜக்கை மட்டும் நம்பாமல் கீழே பனங்குற்றி ஒன்றும் கொடுத்திருந்தேன். மனைவி ஏறி மூன்று தரம் அமர்த்திவிட்டுக் காலை எடுத்தாள். இப்போது சில்லு அசையவே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தும் இல்லை. ஐயா சொன்னபடி காலிபரில் ஒயிலை வெளியே விடுவதற்கு இருக்கும் நிப்பிளைக் கால்சுற்று இளக்கினேன். பிறேக் ஒயில் சீறிக்கொண்டு வந்தது. சில்லு உடனே விட்டுக்கொடுத்தது.

விடை அதில்தான் இருந்தது. நிப்பிளைத் திறந்தும் சில்லு இறுக்கமாகவே நின்றிருந்தால் குற்றம் காலிபரில், பாட்டைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்திருக்கும். திறந்ததும் விடுகிறதென்றால் ஒயில் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. வலச்சில்லு சுதந்திரமாகச் சுற்றியதால், பெடலை அமர்த்தும்போது சில்லுகளுக்கு ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மேல் பழி போட முடியாது. மிச்சம் அந்தப் பக்கத்துக் காலிபருக்கு ஒயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய், ஓஸ்தான்.

புது ஓஸ் போட்ட பிறகு பழையதைக் கத்தியால் வெட்டிப் பார்த்தேன். வெளியில் ஒரு வெடிப்புக் கூட இல்லை. உள்ரப்பர் ஊதி, ஓர் ஈர்க்குக் கூட நுழையாத அளவுக்குத் துளை ஒடுங்கிக் கிடந்தது. கால் அமர்த்தும் வேகத்தில் ஒயில் அதையும் பிய்த்துக்கொண்டு உள்ளே போய்விடும். காலை எடுத்தால் திருப்பித் தள்ள அந்தளவு பலம் எங்கே?

வெளியே வந்த ஒயில் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கொதிநிலைக்கு டொட் 3 என்ற பிறேக் ஒயில் தரம் கேட்கும் குறைந்த அளவு, புதிதில் 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு 140தான். சுடும் சில்லுக்குப் பக்கத்தில் அது கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போகும். முழுதும் மாற்றினேன். ஓஸ் கழற்றினால் உள்ளே புகுந்த காற்றை எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் பெடல் பஞ்சு போல அமரும். பெயின்ற்றில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், உரித்துவிடும்.

அமர்த்திப் பிடித்திருக்கப் பெடல் மெல்ல மெல்ல இறங்கினால் அது வேறு கதை. எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் ஒயிலைக் கசியவிடுகிறது. அந்தக் காரைத் தயவுசெய்து தெருவில் இறக்காதீர்கள்.

வலப்பக்க ஓசுக்கும் அதே வயது என்பதால் அதையும் மாற்றினேன். போன ஞாயிறு மறுபடியும் வேலணைக்குப் போய்வந்தோம். ஐயா வேலியடியில் காத்து நின்றார். தானே வந்து இரண்டு முன்சில்லுகளுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே சூடு" என்றார்.