சேசிஸ் எண் கேட்காமல் மீதிப் பணம் கட்டாதீர்கள்

மின்சார கார் புக் செய்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் கேட்ட அதே மாடல், அதே வேரியன்ட், அதே விலையில் வந்து நிற்கும். உள்ளே ஒரு பாகம் மட்டும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். விளம்பரம் கிடையாது, விலைப் பட்டியலிலும் ஒன்றும் தெரியாது. போன வாரம் எடுத்தவருக்குப் பழையது, இந்த வாரம் எடுப்பவருக்குப் புதியது. எனக்கு ஒதுக்கிய கார் பழைய வகை என்பது மீதிப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அதனால்தான் புதியதைக் கேட்டு வாங்க முடிந்தது. பணம் கட்டி, பதிவு எண்ணும் விழுந்த பிறகு தெரிந்திருந்தால் கையில் பிடிமானமே இருந்திருக்காது.

என் காரில் மாறியது ஆன்போர்டு சார்ஜர். வீட்டுச் சுவரிலிருந்து வருவது ஏ.சி. கரன்ட், பேட்டரிக்குள் போவது டி.சி. இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்து மாற்றிக்கொடுப்பதுதான் இந்த ஆன்போர்டு சார்ஜர். பழைய வகையில் மின்சாரம் ஒருபக்கமாக உள்ளே மட்டும் போகும். புதிய வகையில் பேட்டரியிலிருந்து ஏ.சி.யாக வெளியேயும் எடுக்கலாம். சார்ஜிங் துவாரத்தில் ஓர் அடாப்டரைச் செருகினால் சாதாரண பிளக் பாயின்ட் கிடைத்துவிடும். இதைத்தான் வி2எல் என்கிறார்கள். என் காரில் 3 கிலோவாட்டுக்குச் சற்று மேல் வரை எடுக்கலாம். ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு, மிக்ஸி எல்லாம் தாராளமாக ஓடும்.

சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு இது பிக்னிக் போகும்போது உதவும் வசதியாகத் தோன்றலாம். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இருக்கும் நமக்கு அப்படியில்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கடலூர் மாவட்டக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்தது. ராணுவம் வந்து ஆட்களை மீட்க வேண்டியதாயிற்று. எங்கள் வீடு லாஸ்பேட்டை. தெருவில் தண்ணீர், வீட்டில் இருட்டு, இன்வெர்ட்டரும் கைவிட்டுவிட்டது. அம்மாவின் இன்சுலினை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துக் காப்பாற்றினோம். ஒரு சராசரி வீட்டின் ஃபிரிட்ஜும் விசிறியும் விளக்கும் நாளொன்றுக்கு நான்கைந்து யூனிட்டுக்குள் அடங்கிவிடும். கார் பேட்டரியில் இருப்பது 40 யூனிட்டுக்கு மேல். பாதியைச் செலவழித்தாலும் நான்கு நாள் தாங்கும். எனவே எனக்கு வி2எல் இருக்கிறதா இல்லையா என்பது சின்ன விஷயமே அல்ல.

நான் புக் செய்தபோது இந்த வசதி பிரவுச்சரில் இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. வேலைக்குக் கடலூர் சிப்காட் வரை தினமும் போய்வர 60 கி.மீ.க்கு மேல் ஆகிறது. பெட்ரோல் செலவைக் குறைக்கத்தான் கார் மாற்றினோம். அப்புறம்தான் கூட வேலை பார்க்கும் நெல்லிக்குப்பத்துத் தம்பி, எனக்குப் பின்னால் புக் செய்து எனக்கு முன்னால் டெலிவரி எடுத்தவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிக்கியைத் திறந்து அந்த அடாப்டரைக் காட்டினார். "உங்களுக்கும் இதேதானே அண்ணே வரும்?" என்றார். அதே வேரியன்ட், நிறம் மட்டும் வேறு. அவர் கேட்ட நீல நிறம் கையிருப்பில் இல்லாததால் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்திருக்கிறது. எனக்கான வெள்ளை ஏற்கெனவே யார்டில், அதாவது ஷோரூம் வண்டிகளை நிறுத்திவைக்கும் இடத்தில், நின்றுகொண்டிருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் ஆடியில் பெரும்பாலும் யாரும் வண்டி எடுப்பதில்லை. தொழிற்சாலைக்கு ஆடி, ஆவணி தெரியாது. அது அனுப்பிக்கொண்டே இருக்கும், வண்டிகள் யார்டில் சேர்ந்துகொண்டே போகும். ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாள் பார்த்து எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள். ஷோரூம் முதலில் தள்ளிவிடப் பார்ப்பது ஆனி, ஆடியில் வந்து நின்ற வண்டிகளைத்தான். பாகம் மாறுவது இந்த இடைவெளியில் நடந்தால், முன்னால் புக் செய்தவருக்குப் பழையதும் பின்னால் புக் செய்தவருக்குப் புதியதும் போவது இப்படித்தான்.

ஷோரூமில் கேட்டேன். எனக்கு விற்ற பையன் நல்ல பையன். "சாஃப்ட்வேர் அப்டேட்ல வந்துடும் சார், கவலைப்படாதீங்க" என்றான். அதையே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். மேலாளரிடம் போய்விட்டு வந்தவன், "அப்படியெல்லாம் எழுதித் தர முடியாதாம் சார்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பாகம் மாறிய தகவலே அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சாஃப்ட்வேரில் வருவதும் பாகத்தில் வருவதும் வேறு வேறு. 2023 தொடக்கத்தில் டாடா நிறுவனம் நெக்ஸான் இ.வி. மேக்ஸ் காரின் சான்றளிக்கப்பட்ட ரேஞ்சை (ஒரு முழு சார்ஜில் ஓடும் தூரம்) 437 கி.மீ.யிலிருந்து 453 ஆக உயர்த்தியது. ஏற்கெனவே வாங்கியிருந்தவர்களுக்கும் சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேர் வழியாக அதைக் கொடுத்தார்கள். அது நடக்கக்கூடியது, நல்ல வழக்கமும்கூட. ஆனால் ஒருவழி சார்ஜருக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் சுற்றே இல்லாதபோது எந்த அப்டேட்டும் அதை உண்டாக்கிவிடாது. 2020-இல் சீனாவில் டெஸ்லா மாடல் 3 வாங்கியவர்களுக்கு இதைவிட மோசமாக நடந்தது. ஆவணத்தில் புதிய கம்ப்யூட்டர் என்று இருந்தது, காரில் இருந்ததோ பழையது. வாங்கியவர்கள் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மார்ச் மாதம் சீனத் தொழில் அமைச்சகம் நிறுவனத்தை அழைத்து விசாரித்தது. கொரோனாவால் பாகம் வரவில்லை என்று விளக்கம் சொல்லி, பின்னர் இலவசமாக மாற்றித் தருவதாக டெஸ்லா ஒப்புக்கொண்டது. அங்கே அவர்களைக் காப்பாற்றியது ஆவணத்தில் இருந்த அந்த ஒரு வரி. நம் ஊர் பிரவுச்சரின் கடைசிப் பக்கத்திலோ, 'சிறப்பம்சங்கள் முன்னறிவிப்பின்றி மாற்றப்படலாம்' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் சேசிஸ் எண், ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண். ஒதுக்கிய வண்டியின் எண்ணைக் கேட்டால் "பில் போட்டதும் தருகிறோம்" என்பார்கள். பில் போட்ட பிறகு அது எதற்கு? விடாமல் கேளுங்கள், தருவார்கள். 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. பொதுவாகப் பத்தாவது இடத்தில் இருப்பது ஆண்டு. 2024-க்கு ஆர், 2025-க்கு எஸ். எண்களோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, கியூ மூன்றும் அதில் வராது. மாதத்தைக் குறிக்கும் எழுத்து எந்த இடத்தில் இருக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை விற்பனைச் சான்றிதழான படிவம் 21-இல் பார்ப்பதே எளிது. தயாரிப்பு மாதமும் ஆண்டும் அதில் இருந்தாக வேண்டும். வரைவு நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கினேன்.

மாதம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே மாதத்தில் இரண்டு வகையும் ஓடியிருக்கலாம். அதனால் வண்டியையே பார்க்க வில்லியனூர்ப் பக்கம் இருந்த யார்டுக்குப் போனேன். தம்பியிடம் அடாப்டரையும், வீட்டிலிருந்து டேபிள் ஃபேனையும் எடுத்துக்கொண்டேன். என் வண்டி இரண்டாவது வரிசையில், கண்ணாடி முழுக்கப் புழுதியும் அதன்மேல் மழைக் கோடுகளுமாக நின்றது. டெக்னீஷியன் சாவி போட்டுத் திரையை எழுப்பினார். தம்பியின் காரில் சார்ஜிங் பக்கத்தில் 'டிஸ்சார்ஜ் லிமிட்' என்று ஒரு தேர்வு இருக்கும், பேட்டரி எத்தனை சதவீதம் இறங்கும்வரை வெளியே எடுக்கலாம் என்பதை அதில் வைத்துக்கொள்ளலாம். இதில் அந்தத் தேர்வே இல்லை. அடாப்டரைச் செருகினோம். ஃபேன் அசையவில்லை. பானெட்டைத் திறந்து சார்ஜர் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படம் எடுத்தேன். தம்பி அனுப்பிய படத்தோடு வைத்துப் பார்த்தால் பாக எண் கடைசி இரண்டு எழுத்தில் வேறுபட்டது. டெக்னீஷியன் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பழைய லாட் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையை ஷோரூமில் யாரும் சொல்லவில்லை.

அன்று மாலையே மூன்று விஷயங்களை நிறுத்தி வைத்தேன். வங்கியில் போய், நான் மெயில் அனுப்பும்வரை கடன் தொகையை டீலருக்கு விடுவிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கடன் ஒப்புதல் ஆகியிருந்தாலும் பணம் போகாதவரை இ.எம்.ஐ. தொடங்காது. இன்சூரன்ஸ் போட வேண்டாம் என்று ஷோரூமுக்குத் தகவல் சொன்னேன். பாலிசியில் சேசிஸ் எண் ஏறிவிட்டால் "இதுதான் உங்கள் வண்டி" என்பதற்கு அதையே காட்டுவார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் என் பெயரில் பதிவுக்கு ஏற்ற வேண்டாம் என்பது. இப்போது புது வண்டிப் பதிவு வேலை டீலரிடமிருந்தே தொடங்கிவிடுகிறது. மின்சார காருக்கான பச்சை நம்பர் பலகையில் வெள்ளை எழுத்து விழுந்துவிட்டால் சட்டப்படி நீங்கள் உரிமையாளர், வண்டி பழைய வண்டி. அதை மாற்றித் தர எந்த ஷோரூமும் முன்வராது.

பிறகு மெயில். டீலரின் மேலாளருக்கு எழுதி, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் நகல் போட்டேன். கோபமாக ஒரு வரியும் எழுதவில்லை. இரண்டு ஸ்டிக்கர் படங்களையும், ஒரே விலை போட்ட இரண்டு கொட்டேஷன்களையும் இணைத்தேன். ஒதுக்கிய வண்டியில் இருப்பது எந்தப் பாகம், என் வேரியன்ட்டில் எந்தத் தேதியிலிருந்து மாற்றம் வந்தது, புதிய பாகம் உள்ள வண்டியைப் புக் செய்த விலைக்கே தருவீர்களா என்று மூன்று கேள்விகள். பொருளின் தரம், விலை பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 கொடுத்திருக்கிறது என்பதையும், பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன் என்பதையும் கடைசியில் சேர்த்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குப் போடலாம். 10 முதல் 20 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். அங்கே போக வேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை.

ஏரியா மேலாளர் போனில் வந்தார். மரியாதையாகப் பேசினார். பழைய வண்டியையே எடுத்துக்கொண்டால் தள்ளுபடியும், சீட் கவர், தரைவிரிப்பு வகையறாக்களும் தருவதாகச் சொன்னார். இன்னொரு வழி, புதிய லாட் வரும்வரை காத்திருப்பது. வி2எல் தேவைப்படாதவருக்கு முதல் வழி மோசமில்லை. தள்ளுபடியை எக்ஸ்-ஷோரூம் விலையில் குறைத்து பில்லில் காட்டச் சொன்னால் போதும். எனக்குச் சீட் கவரால் ஃபிரிட்ஜ் ஓடாது. காத்திருக்கிறேன் என்றேன். ஆனால் புக்கிங் படிவத்தில் 'டெலிவரி நாளன்று உள்ள விலையே பொருந்தும்' என்று ஒரு வரி இருந்தது. நடுவில் விலை ஏறினால் அது என் தலையில் விழும். தாமதம் அவர்கள் பக்கத்திலிருந்து வருவதால் பழைய விலையே என்று மெயிலில் உறுதி வாங்கிய பிறகுதான் சம்மதித்தேன். பேச்சுவார்த்தையில் இதற்குத்தான் அதிகம் இழுபறி. முதல் ஆவணி முகூர்த்தம் போயிற்று. அம்மாவுக்கு வருத்தம்தான், காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார்.

புதிய வண்டி வந்ததும் அதே சோதனையை யார்டிலேயே செய்தோம். இந்த முறை ஃபேன் சுற்றியது. ஸ்டிக்கரின் பாக எண்ணைப் படிவம் 21-இன் நகலில் பேனாவால் எழுதி, மேலாளரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினேன். அதன் பிறகே வங்கிக்கு மெயில் போனது.

நிறுவனங்கள் பாகங்களை மேம்படுத்துவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மேம்படுத்தத்தான் வேண்டும். எந்தச் சேசிஸ் எண்ணிலிருந்து என்ன மாறியது என்பதை ஷோரூம் சுவரில் ஒரு தாளில் ஒட்டுவதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. அதைச் செய்யாமல், யார்டில் நிற்பது விற்றுத் தீரட்டும் என்று காத்திருப்பது நேர்மையில்லை. என் கண்ணெதிரே அதே பழைய லாட்டில் வேறு வண்டிகள் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி வெளியே போயின. வாங்கியவர்களுக்கு விஷயமே தெரியாது. தெரிந்த ஒருவரிடம் சொன்னேன். அவர் நிறுவனத்துக்கு எழுதி, காசு கொடுத்தாவது பாகத்தை மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். டெலிவரி எடுத்துவிட்டவர்களுக்கு அதுதான் முதல் படி. அப்போது கையில் இருக்க வேண்டியது, நீங்கள் புக் செய்த நாளில் இருந்த பிரவுச்சர். நிறுவனத்தின் தளத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிடுவார்கள். புக் செய்யும் அன்றே இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழியிலும் நம் ஊரில் இதே கதைதான். யாரும் எடுக்காத வண்டிகள் சேர்ந்து, தை பிறந்ததும் டெலிவரிக்கு வரும். அப்போது இன்னொரு சிக்கலும் கூடும். ஜனவரியில் பதிவானாலும் தயாரிப்பு ஆண்டு போன வருடமாக இருக்கும். விற்கும்போது சந்தையில் அந்த ஆண்டை வைத்துத்தான் விலை பேசுவார்கள். தையில் எடுப்பதாக இருந்தால் பாக எண்ணோடு பத்தாவது எழுத்தையும் பார்த்துவிட்டு, அதற்கான விலைக் குறைப்பைக் கேட்டு வாங்குங்கள்.