அரியர் இல்லாத ஊரில் ஒரு சி பிளஸ்

முதல் செமஸ்டர் முடிவு கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால் வந்தது. ஜென் கெம் என்று எல்லோரும் சொல்லும் பொது வேதியியலில் சி பிளஸ். கால்குலஸில் பி மைனஸ், உயிரியலில் பி. கட்டுரை எழுதும் வகுப்பில் மட்டும் ஏ மைனஸ். மொத்த ஜி.பி.ஏ., அதாவது எல்லா வகுப்புகளின் சராசரி, நான்குக்கு 2.87. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் அம்மாவுக்கு முறுக்கு பிழிந்து கொடுத்தேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

நான் படித்தது நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில். நான் ப்ரீ-மெட், அதாவது டாக்டர் படிப்புக்குத் தயாராகும் மாணவி. அமெரிக்காவில் அதற்கென்று தனிப் பட்டம் கிடையாது. எதில் வேண்டுமானாலும் பட்டம் வாங்கலாம். மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் அறிவியல் வகுப்புகளை முடித்திருந்தால் சரி. பட்டத்துக்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி, அது இன்னொரு நான்கு வருடம். மதுரையில் இருக்கும் அத்தைக்கு இது இன்னும் பிடிபடவில்லை. "ஒரு பரீட்சையில முடிக்காம எதுக்குடி இப்படி இழுக்கிறாங்க?" என்பார். நீட்டுக்குப் படிக்கிறவர்கள் பாடு லேசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பதினெட்டு வயதில் சொதப்பிய வேதியியல் பரீட்சையும் விண்ணப்பம்வரை கூடவே நடந்து வரும்.

மூன்றாம் நாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் கோயம்புத்தூரில் பொறியியல் படித்தவர், கணக்கில் இரண்டு அரியர் வைத்துத் தாண்டியவர். கோபப்படவே இல்லை. "திரும்ப எழுதிடும்மா. கிளியர் பண்ணிட்டா பழசை யார் பாக்கப் போறா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று ராத்திரி விதிகளைப் படித்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. எம்.டி. (இங்கே டாக்டருக்கான முதல் பட்டமே அதுதான்) தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகத்தான் போக வேண்டும். அதில் ஒரு வகுப்பைத் திரும்ப எடுத்தால் பழைய மதிப்பெண், புதியது இரண்டையும் கணக்கில் சேர்ப்பார்கள். டி.ஓ. என்ற இன்னொரு வகை டாக்டர் பட்டம் தரும் கல்லூரிகளுக்கான விண்ணப்பத்தில் முன்பு புதியது பழையதை அழித்துவிடுமாம். அந்தச் சலுகையையும் 2017இல் எடுத்துவிட்டார்கள். அது மட்டுமில்லை, உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்துத் தனியாக ஓர் அறிவியல் ஜி.பி.ஏ. உண்டு. என்னுடையது 2.67. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்களின் மொத்தச் சராசரி 3.8ஐ ஒட்டி.

அந்த ஜனவரி முழுக்க நான் செய்தது ஒரே வேலை, ஜி.பி.ஏ. கால்குலேட்டரில் எண்களைப் போட்டுப் பார்ப்பது. எல்லா வகுப்பிலும் ஏ வந்தால் இவ்வளவு, ஒன்றில் பி வந்தால் இவ்வளவு. ராத்திரி இரண்டு மணிக்குக்கூட. படிப்பது போலவே களைப்பாக இருக்கும், ஆனால் ஒரு வரி படித்திருக்க மாட்டேன்.

கல்லூரி திறந்ததும் ப்ரீ-மெட் ஆலோசகரைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா என் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டார். முடித்தது 15 கிரெடிட் (ஒவ்வொரு வகுப்புக்கும் உள்ள எடை), பட்டத்துக்கு இன்னும் 105. "ஜென் கெம்மைத் திரும்ப எடுக்காதே" என்றார். நான்கு கிரெடிட் வகுப்பை மறுபடி எடுத்து ஏ வாங்கினால் அறிவியல் ஜி.பி.ஏ. 3.0 ஆகும். அதே நான்கு கிரெடிட்டை வேறு எந்த அறிவியல் வகுப்பில் போட்டு ஏ வாங்கினாலும் அதே 3.0தான். பழையது அழியாது என்றான பிறகு திரும்பிப் போய் என்ன லாபம்? பெரும்பாலான கல்லூரிகளுக்கு சி இருந்தாலே அந்த வகுப்பு முடிந்த கணக்கு. இத்தனை ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தும் இது எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்.

ஆனால் அடுத்த வகுப்புகளில் ஏ வாங்குவது எப்படி? அதைக் காகிதத்தில் போட முடியாது. இரண்டாம் செமஸ்டர் ஜென் கெம் பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்கு (மாணவர்கள் நேரில் போய்ச் சந்தேகம் கேட்கும் நேரம்), மிகுந்த கூச்சத்தோடு, நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். நாலு கலரில் ஹைலைட் செய்த நோட்டு. புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "இந்தக் கடைசிக் கணக்கை இப்போது போர்டில் போடு." போட முடியவில்லை. படித்தது, பார்த்தது, கோடு போட்டது எல்லாம் எனக்குத் தெரிந்த முகம் மாதிரிதான் இருந்தது, பெயர் மட்டும் வாயில் வரவில்லை. அன்றோடு ஹைலைட்டரை விட்டேன். பழைய வினாத்தாள், வெற்றுத்தாள், கடிகாரம், இவ்வளவுதான். இரண்டு மாணவர் சங்கங்களிலிருந்தும் விலகினேன்.

உடனே ஏ மழை பொழிந்துவிடவில்லை. அந்த செமஸ்டர் பி பிளஸ். ஆர்கோ என்கிற கரிம வேதியியலில் முதல் பாதி பி பிளஸ், இரண்டாம் பாதி ஏ மைனஸ். அதற்குப் பிறகுதான் ஏ வர ஆரம்பித்தது. பட்டம் முடியும்போது மொத்தம் 3.68, அறிவியல் 3.53. நேராக விண்ணப்பித்துவிடாமல் நான்கு வருட மதிப்பெண்ணும் விண்ணப்பத்தில் ஏறட்டும் என்று ஒரு வருடம் தள்ளிப் போட்டேன். எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வில் 528க்கு 513. அது ஏழரை மணி நேரக் கூத்து, அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஆம்காஸில் கல்லூரியில் எடுத்த ஒவ்வொரு வகுப்பையும் மதிப்பெண்ணோடு நாமே உள்ளிட வேண்டும். பிறகு அவர்கள் டிரான்ஸ்கிரிப்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதல் வரியிலேயே சி பிளஸ். நான்கு வருடம் கழித்து என் விரலாலேயே அதைத் தட்டினேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

இரண்டு இடங்களில் நேர்காணல். அந்த செமஸ்டரைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு பதிலைக் குளியலறைக் கண்ணாடி முன் எத்தனையோ முறை ஒத்திகை பார்த்திருந்தேன். ஒரு இடத்தில் கேட்கவே இல்லை. இன்னொரு இடத்தில் கேட்டார்கள். பதில் பாதி போவதற்குள் தலையாட்டிவிட்டு, நான் அவசர சிகிச்சைப் பிரிவில் ஸ்க்ரைபாக, அதாவது டாக்டர் சொல்வதைக் குறிப்பெடுப்பவளாக, வேலை பார்த்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

இடம் கிடைத்த மின்னஞ்சல் பிப்ரவரியில் அந்த வேலைக்கு நடுவில்தான் வந்தது. வெளியே போய் அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார்: "அந்த சி பிளஸ் பத்தி ஒண்ணும் எழுதலையே?"