கேலக்ஸியின் ஓரம் ஏன் வெளுத்தது? (வானியல் பிராக்டிகல் அனுபவம்)

நேற்று ரிசல்ட் வந்தது. எம்.எஸ்சி வானியல் பிராக்டிகலில் 100க்கு 58. பாஸ்தான். ஆனாலும் தாத்தா ஊர் மொட்டைமாடியில் மூன்று ராத்திரி மார்கழிப் பனியில் நின்றவனுக்கு வயிறு எரியாதா? ரெக்கார்டு, வைவா எல்லாம் உங்களுக்கே தெரியும். பிளாட் (சீரான வெளிச்சத்தை எடுத்து, படத்தில் எந்த இடம் எவ்வளவு இருட்டுகிறது என்று காட்டும் படம்) பற்றி மட்டும் சொல்கிறேன்.

8 அங்குல எஃப்/5 நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த டெலஸ்கோப்), டி.எஸ்.எல்.ஆர். கேமரா. எம்33 கேலக்ஸியின் வெளிச்சம் நடுவிலிருந்து வெளியே எப்படிக் குறைகிறது என்பதுதான் புராஜெக்ட். படத்தின் மூலைகள் இருட்டும் என்று தெரிந்தே 30 பிளாட் எடுத்து, கேலக்ஸி படத்தை அவற்றால் வகுத்தேன். என் வரைபடமோ ஓரம் போகப்போக மேலே ஏறியது! எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) அதில் விரலை வைத்து, "தம்பி, இது ஏன் ஏறுது?" என்றார். "நிலா வெளிச்சமா இருக்கும் சார்" என்றேன். அமாவாசையை ஒட்டி எடுத்த படம். தேதி ரெக்கார்டிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். நடுவில் வான வெளிச்சம் 1000, மூலைக்கு வருவது அதில் 60 சதவீதம், அதாவது 600 என்று வையுங்கள். வெளிச்சமே இல்லாவிட்டாலும் கேமரா தானாகச் சேர்க்கும் எண், அதாவது பயாஸ், 500. ஆக நடுவில் 1500, மூலையில் 1100. அந்த 1100ஐ அப்படியே 0.6ஆல் வகுத்தால் 1833. கண்ணாடி வழியே வராத 500ஐயும் சேர்த்து ஊதிவிட்டிருக்கிறேன். பிளாட்டில் பயாஸைக் கழித்தவன் வானப் படத்தில் மறந்துவிட்டேன். மாற்றி மறந்திருந்தால் மூலை இருட்டாகவே நின்றிருக்கும். அதற்காவது ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

எழுதப் போகிறவர்களுக்கு:

- முதலில் கழித்தல், அப்புறம் வகுத்தல். இரண்டு பக்கமும்.
- பிளாட் முடியும்வரை கேமராவைக் கழற்றாதீர்கள், திருப்பாதீர்கள், ஃபோகஸையும் தொடாதீர்கள். படத்தில் தூசியின் நிழல் விழும் வளையம் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும்.
- பிளாட்டின் ஹிஸ்டோகிராம் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) மேடு மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவில் இருக்கட்டும்.
- அந்திவானப் பிளாட் நல்லது என்பார்கள். எனக்கு அந்த அவசரம் ஒத்துவராது, வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். விடிந்ததும் டெலஸ்கோப் குழாய் வாயில் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்துக் கட்டி, வெயில் படாத பக்கம் திருப்பி எடுத்தேன்.

வேட்டியில் சுருக்கம் கூடாது. கரையும் வாய்க்குள் வரக்கூடாது. அப்பாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.