நூல், சாவி, கைதட்டல்

நவம்பர் 2, ஞாயிறு

அக்கா மகள் காலையிலேயே நோட்டோடு வந்துவிட்டாள். பிளஸ் ஒன், தமிழ் வழி. "மாமா, இயற்பியல்ல அலைவுகள் பாடம் சுத்தமா ஏறல." யூடியூபில் ஏழெட்டு வீடியோ பார்த்திருக்கிறாள். பார்க்கும்போது எல்லாம் புரிகிறதாம், நோட்டைத் திறந்தால் ஒரு வரிகூட வருவதில்லையாம்.

இன்று புது வீடியோ எதுவும் வேண்டாம் என்றேன். தமிழ்நாடு பாடநூல் கழகம் இரண்டு வழிப் புத்தகங்களையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். தனிச்சீரிசை இயக்கம் என்றால் சிம்பிள் ஹார்மோனிக் மோஷன், மீள்விசை என்றால் ரெஸ்டோரிங் ஃபோர்ஸ். இப்படி ஒரு பக்கம் எழுதிக்கொண்டாள். இந்தச் சொற்கள் கையில் இல்லாமல்தான் தமிழ் வழிப் பிள்ளைகள் தேடும்போது வழி தெரியாமல் நிற்கிறார்கள். எனக்கு இது ரொம்ப நாள் ஆதங்கம்.

நவம்பர் 4, செவ்வாய்

திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் ஃபெட் என்ற இணையதளத்தில் தனி ஊசல், அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டு. நோபல் பெற்ற கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கியது. காசு கிடையாது, சில பாடங்கள் தமிழிலும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: பொத்தானை அழுத்தும் முன் என்ன நடக்கும் என்று எழுதிவிட வேண்டும்.

"குண்டு கனமானால் வேகமாக ஆடும்" என்று எழுதினாள். அழுத்தினாள். ஒருமுறை ஆடி முடிக்கும் நேரம், அதாவது அலைவுநேரம், மாறவே இல்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நூலின் நீளத்தை மாற்றினாள், அப்புறம் ஈர்ப்பை மாற்றி நிலவுக்குப் போனாள். அங்கே 1 மீட்டர் ஊசல் ஒருமுறை ஆடி முடிக்க 5 விநாடிக்குச் சற்றே குறைவு. இங்கே 2 விநாடி. ஏன் என்று அவளே சூத்திரத்தில் தேட ஆரம்பித்தாள்.

நவம்பர் 5, புதன்

மழை. திரையில் பார்த்தது போதும் என்று கதவு நிலையில் ஆணி அடித்து நூலில் பூட்டுச்சாவிக் கொத்தைத் தொங்கவிட்டோம். 1 மீட்டர், 20 அலைவு, 40.2 விநாடி. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.77 வந்தது. புத்தகத்தில் 9.8. அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "சாவிய எப்ப கழட்டுவீங்க?" என்றாள்.

நவம்பர் 8, சனி

ஹைப்பர்ஃபிசிக்ஸ் என்ற இயற்பியல் இணையதளத்தைக் காட்டினேன், ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்துடையது. பழைய தோற்றம், ஆனால் ஒரு கருத்திலிருந்து இன்னொன்றுக்குக் கிளை கிளையாகப் போகலாம். மறந்ததைச் சட்டென்று எடுக்க நல்லது. முதல்முறை படிக்க அவளுக்கு ஒத்துவரவில்லை.

இரவு எனக்காக இயற்பியலாளர் ஃபைன்மனின் விரிவுரைகள். 1961 முதல் 63 வரை அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்கு நடத்தியவை. இப்போது இணையத்தில் முழுவதும் இலவசம். ஒரு சொட்டுத் தண்ணீரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அணுவரை கொண்டுபோகும் அந்த முதல் அத்தியாயத்தை மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். அவளுக்கு இப்போது வேண்டாம். கல்லூரிக்குப் போகும்போது கொடுக்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றைய நாள் மறக்காது. ஃபைபாக்ஸ் என்று ஒரு செயலி, ஜெர்மனியின் ஆஹன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்தது. கைபேசிக்குள் இருக்கும் உணரிகளை ஆய்வுக்கருவிகளாக மாற்றிவிடுகிறது. அதில் சத்தம் கேட்டால் ஓடி, அடுத்த சத்தத்தில் நிற்கும் ஒரு கடிகாரம் உண்டு.

அதை வைத்து ஒலியின் வேகத்தை அளந்தோம். வராண்டாவில் 5 மீட்டர் தள்ளி இரண்டு போன். என் பக்கத்தில் நான் கைதட்ட, இரண்டும் ஓடும். அவளுடையது ஒலி போய்ச் சேரும் நேரம் தாமதமாக. பிறகு அவள் தட்ட, அவளுடையது உடனே நிற்கும், என்னுடையது தாமதமாக. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒலி 10 மீட்டர் போகும் நேரம்.

முதலில் மின்விசிறிச் சத்தத்துக்கே கடிகாரம் ஓடியது. விசிறியை நிறுத்தி, எந்த அளவு சத்தத்துக்கு ஓட வேண்டும் என்பதையும் கூட்டி வைத்தோம். ஆறு முறை தட்டினோம். வித்தியாசம் சராசரி 0.029 விநாடி. 10 மீட்டரை அதால் வகுத்துப் பார்த்து, "மாமா, விநாடிக்கு 345 மீட்டர்!" என்று கத்தினாள்.

வெப்பம் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும், ஒரு டிகிரிக்கு விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் என்றேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்: "மே மாதம், மொட்டை மாடி, மதியம் 2 மணி. 40 டிகிரி என்றால் 355 வரணும்."