அடிபம்பைப் பிடுங்காதீர்கள்

எங்கள் பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும்போது முதலில் போவது வாசல் அடிபம்பு. இரும்புக் கடைக்காரர் எடைக்குப் போட்டு எடுத்துப் போய்விடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சென்னையைத் தாக்கிய வர்தா புயல்தான் ஞாபகத்துக்கு வரும்.

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. கார்த்திகை தீபம் அன்றைக்குத்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. வடக்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்த காற்று மத்தியானத்துக்கு மேல் சட்டென்று ஓய்ந்தது. புயல் போய்விட்டது என்று பலரும் வெளியே வந்தார்கள். என் மாமியார் மீனவர் பகுதியான காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். "யாரும் வெளியே போவாதீங்க, இனிமேதான் எதிர்க்காத்து" என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். புயலின் கண் தலைக்கு மேல் கடக்கும்போது அப்படித்தான் ஓயும். கண் நகர்ந்ததும் காற்று திசை மாறித் தெற்கிலிருந்து அடிக்கும். ஒரு பக்கம் ஆடி ஆடி வேர் தளர்ந்திருந்த மரங்களை அந்த எதிர்க்காற்றுதான் சாய்த்தது. தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் மின்கம்பியையும் இழுத்துக்கொண்டு குறுக்கே விழுந்தது.

மறுநாள் அதன் வேரைப் போய்ப் பார்த்தேன். அடிமரம் வரை தாரும் சிமெண்ட்டும் பூசியிருந்ததால், வேர் கீழே இறங்க வழியில்லாமல் தோசைக்கல்லைப் போலப் பரந்து கிடந்தது. அத்தனை பெரிய மரத்துக்கு அவ்வளவுதான் பிடிமானம். மரத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தீபத்துக்கு வாங்கிய அகலும் எண்ணெயும் இருந்ததால் இருட்டைச் சமாளித்துவிட்டோம். காசுதான் பெரும்பாடு. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம் வேலை செய்யவில்லை, புது 2000 நோட்டுக்குச் சில்லறை கிடைக்கவில்லை. அண்ணாச்சி கடையில் பாலும் மெழுகுவத்தியும் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார். வெளியே சிலர் இரண்டு மடங்கு விலை சொன்ன நேரத்தில் அவர் ஒரு ரூபாய் கூட்டவில்லை.

தண்ணீருக்கு வழி தெரியாமல் நின்றோம். மரம் வழியை மறித்ததால் லாரி உள்ளே வர முடியாது. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. மாடி டேங்க்குகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. குடிக்கக் கேன் தண்ணீர் கொஞ்சம் இருந்தது. கக்கூஸுக்கு, பாத்திரத்துக்கு, குளிக்க எங்கே போவது?

அப்போதுதான் எங்கள் வீட்டு வாசல் பம்பு கைகொடுத்தது. மெட்ரோ வாட்டர் என்கிற குடிநீர் வாரியத்தின் லைனோடு சேர்ந்த பம்பு அது. மோட்டார் வந்த பிறகு யாரும் தொடுவதில்லை. மாமியார் மட்டும் துருப்பிடிக்கவிடாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்தார். மேல்வாயில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, காய்ந்த தோல் வாஷர் ஊறட்டும் என்று சற்று நேரம் விட்டார். அப்புறம் மெதுவாக அடிக்கச் சொன்னார். முதலில் 'புஸ் புஸ்' என்று காற்றுதான் வந்தது. பிறகு கைப்பிடி கனத்தது. கனம் தெரிந்துவிட்டால் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். முதலில் வந்த பழுப்புத் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுக் குடத்தை வைத்தோம்.

லைனில் தண்ணீர் விடும் நேரத்தில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. சண்டை வரவில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடும் முதியவர்கள் இருக்கும் வீடும் முதலில் என்று மாமியார் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். பையன்கள் மாற்றி மாற்றி அடித்து, மூன்றாவது மாடி வரை குடம் சுமந்தார்கள்.

மரத்தையும் நாங்களே நகர்த்தினோம். ஆனால் லைன்மேன் வந்து சப்ளை கட் ஆகியிருப்பதை உறுதி செய்யும் வரை யாரையும் கிளையில் கைவைக்க விடவில்லை. அறுந்த கம்பி ஈரத்தில் கிடந்தால் அதில் கரண்ட் இல்லை என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. சில வீடுகளில் ஜெனரேட்டர் ஓடினால், சரியான சுவிட்ச் இல்லாமல் அந்தக் கரண்ட் லைனுக்குத் திரும்பி வரவும் வாய்ப்புண்டு. பிறகு ரம்பத்தால் அறுத்து, காசிமேட்டிலிருந்து சின்ன மாமனார் கொண்டுவந்த படகுக் கயிற்றைக் கட்டி இழுத்தோம். வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு சோறு போட்டோம்.

போன மாதம் எதிர்வீட்டை இடித்தார்கள். பம்பைக் கழற்றப் போனபோது ஓடிப்போய்ப் பேசினேன். கார் நிறுத்த இடம் வேண்டும் என்றார் மேஸ்திரி. சுவரோரம் தள்ளி வைத்தால் ஒன்றரை அடி இடம் போதும் என்று அளந்து காட்டினேன். வீட்டுக்காரர் யோசித்துவிட்டு, "சரிக்கா, ஓரமா வெச்சிடறேன்" என்றிருக்கிறார். அந்தப் பம்புக்கும் சேர்த்து நானே வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன்.