நீலக் கரைசலில் விழுந்த துளி

இலங்கையில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிரதான மண்டபத்தில் வருடத்துக்கு ஒருமுறை குருதிக்கொடை முகாம் நடக்கும். பரிசளிப்பு விழாவுக்குப் போடும் கதிரைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, மேடைக்கு முன்னால் மடக்குக் கட்டில்களை விரிப்பார்கள். வாசலில் பதிவு மேசை. அதற்கு அடுத்த மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குவளை, அதற்குள் மயில்கழுத்து நிறத்தில் செப்புசல்பேற்றுக் கரைசல். இரசாயன ஆய்வுகூடத்தில் பளிங்கு வளர்த்துப் பழகிய அதே பொருள்தான்.

அந்தக் கரைசலின் தன்னீர்ப்பு, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.053. விரல் நுனியில் குத்தி, மெல்லிய குழாயில் எடுத்த குருதியை ஒரு சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து ஒரு துளி விட வேண்டும். 15 வினாடிக்குள் துளி அடியில் போய்ச் சேர்ந்தால் ஹீமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 12.5 கிராமுக்குக் குறையவில்லை, அவர் கொடுக்கலாம். மிதந்தால் இன்றைக்கு வேண்டாம். இவ்வளவு எளிய சோதனையிலும் பிழை வரும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் நல்ல குருதியும் மிதக்கும். விரலைப் போட்டு நெரித்தால் இழையத்து நீர் கலந்து குருதி ஐதாகிவிடும், அப்போதும் மிதக்கும். 30 மில்லிலீற்றர் கரைசலில் 25 பேருக்கு மேல் பார்த்தால் கரைசலே மாறிப்போகும், ஊற்றிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். 18 வயது நிரம்பாத மாணவர்களுக்கு அந்த மேசையருகே நின்று எண்ணிக்கை குறிப்பதுதான் வேலை. 25 ஆனதும் கையைத் தூக்குவார்கள்.

இன்று வெளிநாட்டு ஒன்றுகூடல்களில் சாப்பாட்டு மேசைக்கு மேசை கேட்கிற பேச்சு ஒன்று இருக்கிறது: "உலகம் கெட்டுப்போச்சு, ஒருத்தரையும் நம்பேலாது." சண்டையையும் இடப்பெயர்வையும் கண்ட தலைமுறை அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, அதை மறுக்க வரவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் நடந்த காரியத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தால், ஒருவரை ஒருவர் நம்பாமல் அது ஒரு நாள்கூட நடந்திருக்காது என்பது தெரியும்.

முதலில் பை. 450 மில்லிலீற்றர் குருதி எடுப்பார்கள், பைக்குள் ஏற்கனவே 63 மில்லிலீற்றர் உறைதடுப்பான் இருக்கும். முழங்கை மடிப்பைக் கிருமிநீக்கியால் துடைத்து, 30 வினாடி காய விடுவார்கள். ஈரத்தோடு ஊசி ஏற்றினால் துடைத்த பயன் போய்விடும், எரிவும் கூடும். துடைத்த இடத்தைப் பிறகு விரலால் தொட்டுப் பார்க்கவும் கூடாது. முதலில் வருகிற கொஞ்சத்தைத் தனிச் சிறுபையில் திருப்பி, பரிசோதனைக் குழாய்களுக்கு எடுத்துக்கொள்வது இன்றைய முறை. தோலில் ஒட்டியிருக்கும் கிருமி அந்த முதல் துளிகளோடுதான் வரும். பையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கட்டி பிடிக்கும். நிரம்பியதா என்று கண்ணால் பார்ப்பதில்லை, தராசில் பார்ப்பார்கள். உள்ளே போன குருதி ஏறக்குறைய 475 கிராம். சாதாரணமாக 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 15 நிமிடத்தைத் தாண்டி இழுபட்டால் அந்தப் பையிலிருந்து, குருதியை உறையவைக்கும் சிறுதட்டுகளைப் பிரிப்பதில்லை.

மயக்கம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதல் தடவைக்காரர், இளம் வயதினர், வெறும் வயிற்றோடு வந்தவர். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மயங்கினால் அதைப் பார்த்து இன்னும் இருவர் மயங்குவதும் உண்டு. வெறும் வயிறு ஆகாது என்பதால் நல்லூர்த் திருவிழாவுக்குள்ளும் கந்தசஷ்டிக்குள்ளும் முகாம் வைக்காமல் இருப்பது நல்லது, விரதகாரர் பலர் வருவார்கள். கொடுப்பதற்கு அரை மணித்தியாலத்துக்குள் 500 மில்லிலீற்றர் தண்ணீர் குடித்துவிட்டு, படுத்திருக்கும்போது காலைப் பின்னிக்கொண்டு தொடைத் தசைகளை இறுக்கி இறுக்கி விட்டால் பாதிச் சிக்கல் தீரும். ஊசி எடுத்தபின் கையை மடித்துப் பஞ்சை இடுக்கிக்கொள்வது நம்மவர் பழக்கம். அது பிழை. கையை நீட்டியபடி அழுத்த வேண்டும். மடித்தால் உள்ளே கசிந்து நீலம் பாரித்துவிடும்.

இதெல்லாம் கைவேலை. இனிச் சொல்வதுதான் முக்கியம்.

எடுத்த ஒவ்வொரு பையும் இலங்கையில் எச்.ஐ.வி., ஈரலழற்சி பி, ஈரலழற்சி சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதிக்கப்படும். ஆனால் தொற்று ஏற்பட்ட முதல் நாட்களில் எவ்வளவு கூர்மையான பரிசோதனைக்கும் அது பிடிபடாது. அந்த இடைவெளியை மூடுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: திரைக்குப் பின்னால் வைத்தியர் கேட்கிற கேள்விக்குக் கொடுப்பவர் சொல்கிற உண்மை. அவர் பொய் சொன்னால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. உண்மை சொன்னால் கூச்சம், சில வேளை அவமானம். அந்த உண்மையால் பிழைக்கப்போகிற ஆளை அவர் வாழ்நாளில் காணப்போவதும் இல்லை. அப்படியிருந்தும் பெரும்பாலானோர் உண்மையைச் சொல்கிறார்கள். வீட்டுக்குப் போனபின் யோசித்து, "என்னுடைய பையைப் பாவிக்க வேண்டாம்" என்று அறிவிப்பவர்களும் இருக்கிறார்கள்.

குருதிக்குக் காசு கொடுக்கும் முறையை உலகம் கைவிட்டு வருவதும் இதனால்தான். காசு வந்ததும் பொய்க்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது. இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பைத் தொடர்ந்து, 1998 ஜனவரி முதல் காசுக்குக் குருதி கொடுப்பது தடைசெய்யப்பட்டது. இலங்கையில் 2014 முதல் முழுக் குருதித் தேவையும் ஊதியம் வாங்காத தன்னார்வக் கொடையாளராலேயே நிறைவு செய்யப்படுகிறது. போரிலிருந்து மீண்டு ஐந்து வருடம் ஆன ஒரு சிறிய நாடு, பல பணக்கார நாடுகளுக்குச் சமமாக நின்ற இடம் அது. பையின் சுட்டியில் இலக்கம், குருதி வகை, எடுத்த திகதி, காலாவதித் திகதி இருக்கும். கொடுத்தவரின் இனமும் சமயமும் ஊரும் இருக்காது.

முகாம் நடத்துகிற பழைய மாணவருக்கு ஒரு வேண்டுகோள். "எங்கள் பிரிவில் 60 பேர், உங்கள் பிரிவில் எத்தனை?" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்காதீர்கள். நண்பர் கூட்டத்தோடு வந்தவன் அந்த உற்சாகத்துக்குப் பயந்துதான் திரைக்குப் பின்னால் உண்மையை விழுங்குவான். கொடுக்காமல் திரும்புகிறவரிடம் காரணம் கேட்காதீர்கள். அவருக்கும் அதே பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுங்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டுவெடிப்புச் செய்தி பரவியதும் குருதி கொடுக்க மக்கள் வரிசை வரிசையாக வந்து நின்றார்கள். அதைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது உண்மை. ஆனால் காலை ஒன்பது மணிக்குக் காயப்பட்டவருக்கு ஏற்றப்பட்ட குருதி அந்த வரிசையிலிருந்து வந்ததல்ல. பரிசோதித்துப் பிரித்து எடுக்க மணித்தியாலக் கணக்கில் வேண்டும். முதல் மணித்தியாலத்தில் உயிரைப் பிடித்து நிறுத்தியது, பல நாட்களுக்கு முன் ஏதோ ஒரு சாதாரண நாளில், ஒரு செய்தியும் இல்லாத பொழுதில், யாரோ வந்து கொடுத்துவிட்டுப் போன பை. செங்குழியங்கள் 2 முதல் 6 பாகை குளிரில் 35 அல்லது 42 நாள் இருக்கும். சிறுதட்டுகள் 5 முதல் 7 நாள்தான், அதுவும் குளிர்ப்பெட்டியில் அல்ல, 20 முதல் 24 பாகையில் இடைவிடாமல் ஆட்டியபடி. அதனால்தான் ஒரே நாளில் ஆயிரம் பேர் வருவதைவிட, நாளுக்குப் பத்துப் பேராக நூறு நாள் வருவது பெறுமதியானது. சொல்லிவைத்தாற்போல் அப்படி வந்துகொண்டும் இருக்கிறார்கள். உலகம் முழுவதும் வருடத்தில் 11 கோடிக்கு மேற்பட்ட குருதிக்கொடைகள்.

அவுஸ்திரேலியாவில் இருக்கும் நமக்கு ஜேம்ஸ் ஹரிசன் என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும். 14 வயதில் பெரிய நெஞ்சறைச் சத்திரசிகிச்சை, பிறர் குருதியால் பிழைத்தார். 18 வயதில் கொடுக்கத் தொடங்கினார். றீசஸ் எதிர்மறை (நெகட்டிவ் குருதி வகை) தாய்மாரின் குழந்தைகளைக் காக்கும் 'அன்ரி-டி' ஊசிமருந்துக்கான அரிய பிறபொருளெதிரி அவருடைய பிளாஸ்மாவில், அதாவது குருதியின் நீர்ப்பகுதியில், இருந்தது. 81 வயது வரை, 2018 மே வரை, 1173 தடவை கொடுத்தார். ஊசிக்குப் பயந்தவர், ஏற்றும்போது ஒருநாளும் பார்த்ததில்லை. 24 இலட்சம் குழந்தைகளுக்கு அந்தக் கை உதவியது என்று கணக்கிட்டார்கள். 2025 பெப்ரவரியில் காலமானார்.

நம்மவர் பலர் 80களிலும் 90களிலும் முதலில் லண்டனில் இறங்கி, பிறகு இங்கே வந்தவர்கள். 1980க்கும் 1996க்கும் இடையில் பிரித்தானியாவில் மொத்தம் ஆறு மாதம் இருந்தவர் இங்கே குருதி கொடுக்க முடியாது என்ற விதி இருந்தது. அது 2022 ஜூலையில் நீக்கப்பட்டுவிட்டது. அது தெரியாமல் இன்னும் ஒதுங்கியிருப்பவர் நம் சங்கத்திலேயே இருப்பார்கள், அவர்களுக்குச் சொல்லுங்கள். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தால் குருதிக்கு நான்கு மாதம் பொறுக்க வேண்டும், ஆனால் பிளாஸ்மா கொடுக்கலாம். இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார அமைப்பு 2016இல் சான்றளித்தது. இந்தியாவில் கோயில் யாத்திரை சேர்த்துப் போனவர்கள் மட்டும் பதிவின்போது மறக்காமல் சொல்லுங்கள். குருதி 12 வாரத்துக்கு ஒருமுறை, பிளாஸ்மா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

நத்தார், புதுவருட விடுமுறை வாரத்தில் வழமையான கொடையாளர் கடற்கரையிலும் வெளியூரிலும் இருப்பார்கள், சிறுதட்டின் சில நாள் ஆயுள் மட்டும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். ஆண்டிறுதி ஒன்றுகூடலுக்கு மண்டபம் பதிவு செய்கிறபோதே, அதற்கடுத்த வாரத்துக்குப் பத்துக் கட்டில் நேரமும் சங்கத்தின் பெயரில் பதிவு செய்துவிடலாம்.