நீள்கீல் படகும் நெரிசலான படகுத்துறையும்: நாட்குறிப்பு

ஜூன் 4
பழைய நீள்கீல் (அடியில் முன்னிருந்து பின்வரை நீளும் கீல் எனும் துடுப்புப் பலகை கொண்ட) பாய்மரப் படகு ரிவர்ஸில் சுக்கானுக்கு லேசில் அடங்காது. முன்னே போகும்போது புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கானில் அறையும். ரிவர்ஸில் அந்த வேகம் சுக்கானுக்குக் கிடைப்பதில்லை. பதிலுக்கு, புரொப்பெல்லர் படகின் பின்பக்கத்தை ஓரமாக உதைக்கிறது. எந்த ஓரம் என்பதைக் கட்டுத்துறையிலேயே தெரிந்துகொள்ளலாம். கயிறுகளை இறுக்கிவிட்டு, ரிவர்ஸில் மெதுவாக ஓட்டவும். நீர் வலப்புறம் கொப்பளித்தால் பின்பக்கம் இடப்புறம் போகும். பெரும்பாலான படகுகள் இந்த வகைதான்.

ஜூன் 7
ரிவர்ஸில் பின்பக்கம் இடப்புறம் போகும் படகுக்கு, குறுகிய வழியில் திரும்ப அந்த உதையே துணை. சுக்கானை வலப்பக்கத் திருப்பத்துக்கு முழுதாக வைத்து, அப்படியே விடவும். முன் கியரில் இரண்டு மூன்று விநாடி பலமாக ஓர் உந்தல். படகு வேகம் பிடிக்கும் முன் நியூட்ரல். இரண்டு எண்ணும்வரை காத்திருங்கள், கியர்பாக்ஸ் பிழைக்கும். பிறகு ரிவர்ஸில் ஓர் உந்தல். பின்பக்கம் இடப்புறம் போக, அணியம் (படகின் முன்முனை) வலப்புறம் வரும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். இடப்புறம் இப்படித் திருப்ப முயன்றால் ஓர் உந்தல் கொடுத்ததை அடுத்தது பறித்துவிடும். இடப்புறம் 90 பாகை திரும்ப வேண்டிய இடத்தில், வலப்புறம் 270 பாகை சுற்றுவதே பல நேரம் சுலபம்.

ஜூன் 8
பின்னோக்கி வேகம் கூடினால் டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை) இறுகப் பிடிக்கவும். நீர் அதை வெடுக்கென்று ஓரத்துக்கு அடிக்கும். சுக்கானைப் படகோடு பிணைக்கும் இணைப்புகள் வளைந்துவிடும்.

ஜூன் 13
காற்றின் வேகம் 10 நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) என்பதிலிருந்து 14 ஆனாலே படகின் மேல் விசை ஏறக்குறைய இரட்டிப்பு. வேகம் குறைந்ததும் அணியம்தான் முதலில் காற்றோடு ஒதுங்கும். சுருட்டிக் கட்டிய முன்பாய் அதை இன்னும் தள்ளும். இடம் காலியாகும்வரை காத்திருக்க நேர்ந்தால், பின்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி, சிறிது ரிவர்ஸ் கொடுத்து நில்லுங்கள். படகே விரும்பும் நிலை அது.

ஜூன் 15
துறையை ஒட்டும்போது முதலில் கரையேற வேண்டியது படகின் நடுக்கிளீட்டிலிருந்து (கிளீட் என்பது கயிறு கட்டும் கொம்பு) வரும் கயிறு. அணியக் கயிற்றோடு ஒருவர் குதித்து இழுத்தால் முன்பக்கம் துறையில் முட்டும், பின்பக்கம் பக்கத்துப் படகை நோக்கி விலகும். நடுக்கயிற்றைத் துறையில் சற்றுப் பின்னாலுள்ள கிளீட்டில் போட்டு, முன் கியரில் மெதுவாக ஓட்டி, டில்லரைத் துறைப் பக்கம் தள்ளவும். படகு துறையோடு ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை நிதானமாகக் கட்டலாம். ஃபெண்டர்கள் (மோதலைத் தாங்கும் மெத்தைகள்) இதற்கெல்லாம் முன்பே தொங்க வேண்டும். 5 டன் படகைக் கையாலோ காலாலோ நிறுத்த ஒருவரையும் விடாதீர்கள்.